மாப்பிள்ளைக் காரின் வெடிச்சத்தம்

மகனுக்கு, ஸலாம். இங்கே எல்லோரும் ஹயாத்தோடு, உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. சவூதியிலிருந்து லீவில் வந்த சாய்ந்தமருதுப் பொடியன் உன் கசெட்டையும், உம்மாவுக்கு நீ கொடுத்துவிட்ட சீலையையும் பத்திரமாகக் கொண்டுவந்து தந்தான். பதிலையும் கசெட்டிலேயே பேசி அனுப்பும்படி கேட்டிருந்தாய். பேசினால் உன் உம்மா பக்கத்தில் இருந்து கேட்பாள். அங்கே நீயும் அறைக் கூட்டாளிகளைச் சுற்றி இருத்திக்கொண்டுதான் போடுவாய். இது நீ தனியே இருந்து வாசிக்க வேண்டிய சங்கதி, அதனால் எழுதுகிறேன். எதையும் பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் போகிற பழக்கம் உனக்குச் சின்னதிலிருந்தே உண்டு. இதை மட்டும் கடைசி வரைக்கும் வாசி.

வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து கசெட்டைப் போட்டோம். உம்மா பாயை விரித்து, ரேடியோவை நடுவில் வைத்து, ஏதோ நீயே வந்து உட்காரப்போகிறாய் என்பதுபோல முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இருந்தாள். உன் கூடப்பிறந்த ராத்தாவின் மகள் பரீனா அவளுடைய மடியில் சாய்ந்திருந்தாள். நீ எல்லோருக்கும் ஸலாம் சொன்னாய், வெயிலைப் பற்றிச் சொன்னாய், பருப்புக் கறியில் புழு கிடந்த கதையைச் சொன்னாய். உம்மா சிரித்தாள். பிறகு மருதமுனைக் கலியாணத்துக்கு வந்தாய். "வாப்பா, மச்சான்ட செவப்புக் காரத் திருத்தி வைங்க. நான் அதிலதான் மாப்பிள்ளயாப் போகணும். கல்முனைக்குடியிலிருந்து மருதமுன வரைக்கும் வெடியோட போகணும்" என்றாய். அதற்குப் பிறகு, "இப்ப ஒரு சாமான் போடுறன், கேளுங்க" என்று சொல்லிவிட்டு, உன் முதலாளியுடைய மகனின் காரில் ஏறி, நிறுத்தின இடத்திலேயே அக்சிலேட்டரை முழுக்க மிதித்தாய். எஞ்சின் ஏறி, ஏறி, ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு சைலன்சர் வழியாக வெடித்தது. விடாமல் வெடித்தது. நீ சிரித்துக்கொண்டு, "இதுதான் வாப்பா லிமிட்டர். எவ்வளவு மிதிச்சாலும் அதுக்கு மேல ஏறா. எஞ்சினுக்கு ஒண்டும் ஆகா" என்றாய்.

நீ அதைச் சொல்லி முடிக்கும்போது பரீனா மடியில் இல்லை. எழும்பி ஓடிவிட்டாள். முற்றத்தைத் தாண்டி, வேலியின் கடப்படிக்குப் போய், இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு தெற்குப் பக்கமாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பின்னால் போய்த் தூக்கினேன். "விடுங்க மூத்தவாப்பா, வாப்பா வாறார்" என்று திமிறினாள். உள்ளே உம்மா ரேடியோவை அடித்து நிறுத்திய சத்தம் கேட்டது. உன் கசெட்டில் மிச்சம் என்ன இருந்தது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

முதலில் நீ சொன்னதற்குப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நீ அங்கே ஓட்டுவது இன்னொருவனுடைய கார். ஒன்றும் ஆகாது என்றாய். ஆகும். உன் முதலாளி மகனின் காரில் அதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று நான் கண்டதில்லை. நம் செவப்புக் காரில் டிஸ்ரிபியூட்டர் மூடிக்கு உள்ளே, சுற்றுகிற ரோட்டரில், ஒரு சின்ன எடையும் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றினால் அந்த எடை விலகிப்போய் நெருப்பை வெட்டிவிடும். நெருப்பு நின்றாலும் பெற்றோல் நிற்காது. எரியாத பெற்றோல் சூடான குழாய்க்குள் போய் நிற்கும். மறுபடி நெருப்பு வரும்போது அது வெளியில் வெடிக்கும். உனக்கு விளையாட்டாகக் கேட்கிற சத்தம் அதுதான். ஒரு தடவை, இரண்டு தடவை, கால் தவறிப் பட்டால் குற்றமில்லை, அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறான். வேண்டுமென்று மிதித்துக்கொண்டிருந்தால் சைலன்சர் பிளக்கும், வால்வு கருகும், பிளக் நனையும், கடைசியில் அந்த ஸ்பிரிங்கே களைத்துப்போய் வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாது. இன்னொன்றையும் ஞாபகம் வை. ஓடிக்கொண்டிருக்கும்போது மேல் கியரிலிருந்து தப்பாகக் கீழ் கியருக்குத் தட்டிவிட்டாயென்றால் எந்த லிமிட்டரும் உன்னைக் காப்பாற்றாது. அப்போது எஞ்சினைச் சுற்றுவது நெருப்பு இல்லை, ரோட்டில் உருளுகிற சில்லு. நாமாக மிதிப்பதைத்தான் அது தடுக்கும். வெளியிலிருந்து தள்ளுவதை அதனால் தடுக்க முடியாது.

இதையெல்லாம் நான் உன் மச்சான் ஜாபிருக்கும் சொன்னவன்தான். அந்தக் காரை உனக்குத் தெரியும். கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. நிறைய வயல் வைத்திருந்த சாய்ந்தமருதுப் போடியார் ஒருவருடைய மகன் வாங்கினான். வயலுக்குப் போக ஏலாது, மூட்டை ஏற்ற ஏலாது, இரண்டு பேர் இருக்கலாம், மூன்றாவது ஆள் ஏறினால் கதவு சாத்தாது. அப்படி ஒரு வாகனம் இந்த ஊருக்கு எதற்கென்று நான் கேட்டபோது அவன் சிரித்தான். அது எதற்கென்று உன் ராத்தாவின் கலியாணத்தில்தான் தெரிந்தது. ஒருவன் ஓட்ட, பக்கத்தில் மாப்பிள்ளை ஜாபிர் இருக்க. அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. மாப்பிள்ளைத் தோழன் பாவம், பின்னால் சைக்கிளில் வந்தான்.

அப்போதுதான் பள்ளிவாசல் மரைக்கார்மார் மாப்பிள்ளை ஊர்வலத்தில் சீனவெடி சுடக்கூடாது என்று நிறுத்தியிருந்தார்கள். யாரோ கொளுத்திய வெடி கிடுகு வேலியில் விழுந்து, ஒரு வளவு முழுக்க எரிந்துபோனதால் வந்த கட்டுப்பாடு அது. றபான் அடிக்கலாம், பைத் ஓதலாம், வெடி கூடாது. வெடி இல்லாமல் மாப்பிள்ளை வருவதா என்று பொடியன்களுக்குத் துக்கம். போடியார் மகன் நம் தெரு முனையில் காரை நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, மிதித்த மிதியில் தெரு அதிர்ந்தது. பந்தலில் என்னோடு நின்ற பெரிய மரைக்கார் கோபமாகத் திரும்பினார். "வெடி சுடக் கூடாதெண்டு சொன்னது யாருக்கும் காதில விழல்லியா?" என்று கேட்டார். நான், "அது வெடி இல்ல மரைக்கார், பெற்றோல்" என்றேன். அவர், "பெற்றோலுக்குக் கட்டுப்பாடு போடல்ல" என்று சொல்லிவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டார். பந்தல் முழுக்கச் சிரித்தது. பெண்கள் பக்கத்தில் குரவை எழும்பியது. கார் வெடிக்க, குரவை எழ, மறுபடி வெடிக்க, மறுபடி குரவை. உன் ராத்தா அறைக்குள் இருந்துகொண்டு அந்தச் சத்தத்தைத்தான் முதலில் கேட்டாள். மாப்பிள்ளையை அவள் பார்த்தது அதற்குப் பிறகு. நீ அப்போது பந்தல் கம்பத்தில் ஏறி நின்று கை தட்டினாய், மறந்திருக்க மாட்டாய்.

அதோடு ஊருக்கு அது ஒரு முறையாகிப் போனது. நிந்தவூரிலிருந்து மருதமுனை வரைக்கும் கலியாணம் என்றால் செவப்புக் கார் வேண்டும், தெரு முனையில் வெடிக்க வேண்டும், அந்தச் சத்தம் கேட்டால் தெருவிலுள்ள பெண்கள் எல்லோரும் குரவை விட்டுக்கொண்டு கடப்படிக்கு வர வேண்டும். போடியார் மகனுக்கு ஆசை தீர்ந்தபோது ஜாபிர் அந்தக் காரைத் தனதாக்கிக்கொண்டார். நம் வளவுக்குள் கராஜ் இருந்ததால் அதற்கு வைத்தியம் பார்ப்பது என் தலையில் விழுந்தது. எத்தனையோ தரம் சைலன்சரை ஒட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு தரமும் திட்டினேன். "மருமகன், இது உங்கட கையப் பிடிச்சு ‘போதும், நிப்பாட்டு’ எண்டு சொல்லுது. நீங்க அந்தக் கையத் தட்டித் தட்டி விளையாடுறீங்க" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு கலியாணத்துக்கு ரெண்டு தரம்தான் மாமா. சனம் ஆசப்படுது" என்பார். எனக்கு முன்னால் குரலை உயர்த்தியே அவர் பேசியதில்லை. நான் எஞ்சினுக்கு என்ன ஆகும் என்று மட்டும்தான் பார்த்தேன், மகன். ஊரின் காதுக்கு என்ன ஆகும் என்று பார்க்கவில்லை.

பரீனா பிறந்த பிறகு இன்னொரு பழக்கமும் வந்தது. வேலை முடித்து வரும்போது ஜாபிர் தெரு முனையில் ஒரே ஒரு மிதி மிதிப்பார். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்கு அந்தப் பிள்ளை கடப்படிக்கு ஓடும். அவர் அதை மடியில் தூக்கி வைத்து, ஸ்டியரிங்கைப் பிடிக்க விட்டு, வளவுக்குள் கொண்டுவருவார். உன் ராத்தா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இருவரையும் ஏசுவாள். ஏசிக்கொண்டே சிரிப்பாள். இந்த வளவில் நான் கண்ட சந்தோஷம் அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தேவையாகவும் இருக்கவில்லை.

நீ சவூதிக்குப் போனபின் இங்கே காலம் கெட்டுப்போனதை நீயும் கேள்விப்பட்டிருக்கிறாய். ராத்தா மவுத்தான செய்தியை நான் உனக்கு எழுதியபோது, தெருவில் நடந்த சூட்டில் தற்செயலாகப் பட்டது என்று மட்டும் எழுதினேன். அதில் பொய் இல்லை. ஆனால் முழுக்கவும் இல்லை. நீ ஊர் மண்ணை விட்டுப் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, தனியே இருந்தாய், அதற்கு மேல் உன் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. இப்போது எழுதாமல் இருக்க முடியாது.

அன்றைக்கு நம் தெருவின் கடைசி வீட்டில் கலியாணம். மாப்பிள்ளை சாய்ந்தமருது. ஜாபிர்தான் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். மஃரிபுக்கு முந்தி வருவதாக ஏற்பாடு, இரவில் ஊர்வலம் போகிற காலம் அப்போதே முடிந்துவிட்டது. அதனால் தெரு முழுக்க அந்தச் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. நான் கராஜில் ஒரு லொறிக்கு அடியில் கிடந்தேன். பிரதான வீதிப் பக்கம் முதல் வெடி கேட்டது. பின்னாலேயே இன்னும் கேட்டன. முன்வீட்டு மாமி, நீ சின்ன வயதில் மாங்காய் திருடி அடி வாங்கினாயே அந்த மாமிதான், திண்டுகொண்டிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குரவை விட்டாள். பக்கத்து வளவுகளிலும் குரவை எழும்பியது. பிள்ளைகள் ஓடினார்கள். பரீனாவும் ஓடினாள். உன் ராத்தா குசினியிலிருந்து ஓடி வந்து அவளை எட்டிப் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாப்பாட கார் வருது, வா பாப்பம்" என்று சொல்லிக்கொண்டே என்னைக் கடந்து போனாள். லொறிக்கு அடியில் கிடந்த எனக்கு அவளுடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. ஒரு காலில் மா ஒட்டியிருந்தது.

மருமகன் இன்றைக்குக் கொஞ்சம் முந்திவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு தொழில் பழக்கத்தில் காதைக் கொடுத்தேன். எந்தச் சத்தம் கேட்டாலும் அது எந்த எஞ்சின், என்ன நோய் என்று என் காது தானாகத் தேடும். லிமிட்டரில் முட்டுகிற எஞ்சின் ஒரு தாளத்தில் வெடிக்கும், வெடிக்கு வெடி நடுவில் எஞ்சின் இழுக்கிற சத்தம் கேட்கும். இது தாளத்தில் இல்லை. இந்தச் சத்தத்துக்கு அடியில் எஞ்சின் இல்லை. அது எனக்கு விளங்கியதும் லொறிக்கு அடியிலிருந்து எழும்பப் போய் நெற்றியை இரும்பில் அடித்துக்கொண்டேன். இரத்தம் கண்ணுக்குள் வந்தது. "மகள், உள்ள வா, அது கார் இல்ல" என்று கத்தினேன். குரவைக்கு நடுவில் என் சத்தம் கேட்டிருக்காது. யார் யாரைச் சுட்டுக்கொண்டு போனார்கள் என்று இன்றைக்கும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். இரண்டு வாகனம் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வீதியால் போனது என்பது மட்டும் நிச்சயம். நான் கடப்படிக்குப் போனபோது அவள் கம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை விடவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. பிள்ளை இன்னும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

உன் உம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அந்த நேரம்தான் ஜாபிர் வந்தார். சூடு என்று கேள்விப்பட்டு, மாப்பிள்ளையைச் சாய்ந்தமருதிலேயே இறக்கிவிட்டு, வீடு என்ன ஆனதோ என்று பார்க்க ஓடி வந்திருக்கிறார். காரின் முன்பக்கத்தில் மாலை கிடந்தது, கண்ணாடியைச் சுற்றிச் சரிகைத் தாள் ஒட்டியிருந்தது. வேறு வாகனம் பார்க்க நேரமில்லை. அந்த இரண்டாவது இருக்கையில் நான் ஏறி, உன் ராத்தாவை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் எடுத்தார். வீதிக்கு ஏறியதும் மிதித்தார், முதலாம் கியரிலேயே மிதித்துக்கொண்டு போனார். கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. எஞ்சின் முட்டியது, வெடித்தது. வெடித்துக்கொண்டே போனோம். அடுத்த தெருவில் இன்னும் ஒன்றும் தெரியாது, மகன். அவர்களும் அதற்கு முந்திக் கேட்டதைக் கார் என்றுதான் நினைத்துக்கொண்டு கடப்படியில் நின்றார்கள். மாலை போட்ட கார் வெடித்துக்கொண்டு வருவதைக் கண்டு குரவை விட்டார்கள். ஒரு கிழவர் கையை உயர்த்தி துஆச் செய்தார். நான், "கியர மாத்துங்க மருமகன், கியர மாத்துங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் நானே அவருடைய கையின் மேல் என் கையை வைத்துத் தட்டினேன். வெடி நின்றது. உன் ராத்தா அதற்கு முந்தியே நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை நான் அதை அவருக்குச் சொல்லவில்லை.

மையித்தை அடக்கிவிட்டு வந்த அன்று ஜாபிர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அவ ஏன் மாமா வெளிய வந்தா? சூட்டுச் சத்தம் கேட்டா உள்ள போகத் தெரியாதவளா?" நான், "தெரியா மருமகன்" என்றேன். நம் ஆட்களுக்கு வாய் நீளம் என்று நீ எப்போதும் சொல்வாய். இந்த ஒரு விஷயத்தில் தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டது. அவர் முன்னால் இன்றுவரை யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. முன்வீட்டு மாமி அதற்குப் பிறகு எந்தக் கலியாணத்திலும் குரவை விட்டதில்லை. கேட்டால் தொண்டை சரியில்லை என்பாள்.

ராத்தா இல்லாத வீட்டில் அவருக்கு என்ன இருப்பு. நாற்பதாம் நாள் கத்தம் முடிந்ததும் தன் உடுப்பை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சாய்ந்தமருதுக்கு, தன் உம்மாவின் வீட்டுக்குப் போய்விட்டார். வீடு ராத்தாவின் பெயருக்கு எழுதினது, இப்போது அது பரீனாவின் வீடு, நானும் உம்மாவும் காவலுக்கு இருக்கிறோம். பிள்ளையைத் தன்னோடு கொண்டுபோக அவர் கேட்கவில்லை, உன் உம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பார். நீயும் நாளைக்கு ஒரு வீட்டுக்கு மருமகனாகப் போகிறவன். அந்த வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று நான் பக்கம் பக்கமாக எழுதத் தேவையில்லை. ஜாபிர் இங்கே எப்படி இருந்தார், எப்படிப் போனார் என்று நினைத்துக்கொள், அது போதும். கார் கராஜின் மூலையில் கிடுகால் மூடிக் கிடக்கிறது. அவர் வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளையைப் பார்க்க வருவார், அந்த மூலைப் பக்கம் திரும்பமாட்டார்.

போன வெள்ளிக்கிழமை திரும்பினார். நீ அவருக்கும் தனியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாய். பிள்ளைக்குக் கொண்டுவந்த பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, கராஜுக்குள் வந்து, கிடுகைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். "மச்சான் ஆசப்பட்டுக் கேட்டிருக்கான் மாமா. நானே ஓட்டிக் கொண்டுபோய் விடுறன். அவளும் இருந்தா அதத்தான் சொல்லுவா" என்றார். நான், "வேணாம் மருமகன், புள்ள பயப்புடும்" என்றேன். அவர் சிரித்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "பரீனாவா? அந்தச் சத்தம் கேட்டா அவ பயப்புடுறதா? ஓடி வந்து கடப்படியில நிக்கிறவளல்லவா" என்றார். அவர் சொன்னது சரிதானே. அதுதானே என் பயம்.

அதனால் நீயே அவருக்கு எழுது. கார் வேண்டாம் என்று எழுது. காரணமாக எதை வேண்டுமானாலும் சொல், பெண் வீட்டார் வேன் கேட்கிறார்கள் என்று சொல், எனக்கு அந்தப் பழைய கார் வெட்கமாக இருக்கிறது என்று சொன்னாலும் அவர் மனம் வருந்திவிட்டு மறந்துவிடுவார். அவள் ஏன் வெளியே வந்தாள் என்பதை மட்டும் எழுதிவிடாதே. தன் காரின் சத்தம் என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டு போனாள் என்று தெரிந்தால் அந்த மனிதர் அதைத் தாங்கமாட்டார். உன் ஊர்வலம் போகிற பாதையையும் யோசி. கல்முனையைத் தாண்டினால் தமிழ் ஆட்களுடைய பாண்டிருப்பு, அதற்குப் பிறகுதான் மருதமுனை. பாண்டிருப்பில் வெடிச்சத்தம் கேட்டால் தாய்மார் பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறார்கள். நம் கலியாணச் சந்தோஷத்துக்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் ஏன் தரையில் கிடக்க வேண்டும். பகலில் போ, சத்தமில்லாமல் போ, நடந்து போனாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான். நான் முன்னால் நடக்கிறேன்.

இனிச் சொல்லப்போவது உன் உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. சூட்டுச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டால்கூட பரீனா தலையைத் தூக்கித் தெற்கைப் பார்ப்பாள், நாங்கள் பிடித்துக்கொள்வோம். எப்போதும் பிடித்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால் கொஞ்ச காலமாக நான் அவளுக்கு ஒரு பழக்கம் பழக்கினேன். வெறும் எண்ணெய் டின்னில் ஸ்பேனரால் அடிப்பேன். அடித்ததும் அவள் எங்கே நின்றாலும் உள்ளே ஓடி, கட்டிலுக்கு அடியில் படுத்து, காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அவளுக்கு அது விளையாட்டு. நன்றாகத் தேறியிருந்தாள், நானும் பெருமைப்பட்டேன். உன் கசெட் வந்த அன்றுதான் தெரிந்தது, அவள் தேறியிருந்தது டின் சத்தத்துக்கு மட்டும்.

அந்தக் கசெட்டை நான் எறியவில்லை. நீ பேசுகிற இடங்களை உம்மா தனியே ஓடவிட்டுக் கேட்கிறாள். மிச்சத்தில் நீ உம்மாவுக்காகத் துஆக் கேட்டிருந்தாய், அதையும் அவள் கேட்டு முடித்துவிட்டாள். வெடிக்கிற அந்த இடத்தை மட்டும் நான் எனக்கென்று குறித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு ரேடியோவைக் கராஜ் வாசலில் வைத்து, சத்தத்தை முழுக்கக் கூட்டி, அந்தத் துண்டைப் போடுகிறேன். முதலில் கடப்படிக்குத்தான் ஓடினாள். தூக்கி வந்து கட்டிலுக்கு அடியில் விட்டேன். மறுபடி போட்டேன், மறுபடி ஓடினாள். "வாப்பா வாறார்" என்றாள். "வாப்பா வரல்ல, உள்ள ஓடு" என்றேன். ஒரு நாள் அவளை அதட்டினேன், ஒரு நாள் காலில் ஒரு அடியும் போட்டேன். உம்மா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேற்றுப் போட்டபோது முற்றத்தின் நடுவில் நின்றிருந்தாள். கடப்படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கசெட்டில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். பிறகு திரும்பி உள்ளே ஓடினாள். நான் போய்க் குனிந்து பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் முழங்காலை மடக்கி, காதைப் பொத்திக்கொண்டு, கண்ணையும் மூடியிருந்தாள். முதல் தடவையாக அவளுடைய முகத்தில் பயம் இருந்தது. நான் அவளுக்கு ஒரு டொபி கொடுத்தேன்.

வாப்பா